மைனா அப்பா, குரங்கு அப்பா

காலை ஒன்பது மணிக்கு இரவாக்கிவிட வேண்டும்.

வழிகாட்டி இரவு வீட்டின் பெரிய விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தான். மங்கலான சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. மாலையில் மிருகக்காட்சிசாலையை மூடும்போது மறுபடி எல்லா விளக்குகளையும் போடுவான். அப்போது கண்ணாடிக்குப் பின்னால் விடியும். இரவுக்குரங்குகள் மரப்பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆட்கள் வருவது பகலில், குரங்கு விழிப்பது இரவில். இரண்டையும் சேர்த்துவைக்க இந்த ஒரு வழிதான் இருந்தது.

கண் இருட்டுக்குப் பழகும்வரை நின்றான். பெட்டியின் ஓட்டையில் இரண்டு பெரிய கண்கள் தெரிந்தன. அப்பாக் குரங்கு. அது வெளியே வந்து கிளையில் உட்கார்ந்தது. முதுகில் குட்டி ஒட்டியிருந்தது. பிறந்து மூன்று வாரம். அம்மாக் குரங்கு பின்னால் வந்து, இருவரையும் பார்க்காமல் பழத்தட்டுக்குப் போனது.

கதவைச் சாத்திக்கொண்டு முன்கூடத்துக்கு வந்தான். அங்கே வெளிச்சம் கண்ணைக் குத்தியது. பறவைகளுக்குத் தீனி வைக்கும் அக்கா மலை மைனாவின் கூண்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வர்றேன் கண்ணு," என்றது மைனா.

"பார்த்தீங்களா, உங்களைக் கண்டதும் ஆரம்பிச்சுட்டான்," என்றாள் அக்கா. "நான் தினம் சோறு போடறேன். எனக்கு ஒரு வணக்கம் கிடையாது."

"பழக்கினவன் மேல பாசம் இருக்கும்ல."

"ஆமா, ஆமா. ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நீங்க ஏன் பசங்ககிட்ட மைனாவைப் பத்தித் தப்புத் தப்பா சொல்றீங்க? மைனாவும் குஞ்சுக்குத் தீனி கொண்டுவந்து ஊட்டுற ஜாதிதான். அதைப் போய் வாய்ப்பந்தல் போடற அப்பன்னு சொல்லிட்டுத் திரியறீங்க."

"நான் கூண்டு மைனாவைச் சொல்றேன்க்கா."

"கூண்டுல போட்டது அது குத்தமா?"

அவன் சிரித்துவைத்தான்.

மைனாவை அவன் பழக்கவில்லை. இரவு வீட்டின் தடித்த சுவர்களுக்குள் போனில் சிக்னல் கிடைக்காது. முன்கூடத்தில், கூண்டுக்கு அருகே உள்ள தூணில் சாய்ந்து நின்றால் கிடைக்கும். ஞாயிறு மதியம், அக்கா சாப்பிடப் போன நேரத்தில், அங்கே நின்றுதான் மகளிடம் பேசுவான். வர்றேன் கண்ணு. இந்த வாரம் கண்டிப்பா. மைனாவுக்கு அது போதுமானதாக இருந்தது. ஒருநாள் மேலதிகாரி கூடத்தைக் கடந்தபோது அது அவன் குரலிலேயே, அவன் இழுவையோடு, "வர்றேன் கண்ணு" என்றது. யார் சொல்லிக்கொடுத்தது என்று மேலதிகாரி கேட்டார். "நான்தான் சார், உட்கார்ந்து பழக்கினேன்," என்று அவன் சொன்னான். அடுத்த ஊழியர் கூட்டத்தில் பத்துப் பேர் முன்னால் அவனைப் பாராட்டினார்கள். கைதட்டினார்கள்.

வீடு மூன்று மணி நேரப் பஸ் தூரத்தில் இருந்தது. வேலை கிடைத்த புதிதில் வாராவாரம் போனான். பிறகு ஒரு வாரம் காய்ச்சல். அதற்கடுத்த வாரம் இரவுக்குரங்கு முதல் குட்டி போட்டது. அப்பாக் குரங்கு குட்டியை வாங்கிச் சுமப்பதைப் பார்க்க ஆசைப்பட்டுத் தங்கிவிட்டான். போகாத வாரம் அடுத்த வாரம் போவதைக் கூச்சமாக்கியது. அந்தக் கூச்சத்தில் அடுத்ததும் போனது. மாதங்கள் ஆனபோது என்ன முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று ஆனது. மனைவியோடு சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்திருந்தால் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது இருந்திருக்கும். பணம் ஒழுங்காகப் போனது. ஆள்தான் போகவில்லை. ஒன்றரை வருடம் ஆகிவிட்டது.

பத்தரைக்கு ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தார்கள். டீச்சர் அவர்களை வரிசையாக இரவு வீட்டுக்குள் அனுப்பினார். வெளிச்சத்திலிருந்து வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவனுக்கு அவர்கள் உயரமும் குள்ளமுமான நிழல்கள்.

"இங்க யாரும் சத்தமாப் பேசக்கூடாது," என்றான். "கிசுகிசுன்னுதான் பேசணும். பெரிய சத்தம் கேட்டா குரங்கு பெட்டிக்குள்ள ஓடிடும். அப்புறம் என் மூஞ்சியைத்தான் பார்த்துட்டுப் போகணும்."

"சார், உங்க மூஞ்சியும் தெரியலையே."

"அதுவரைக்கும் தப்பிச்சீங்க."

"சார், என் காலை ஏதோ மிதிக்குது."

"அது நான்டா."

சிவப்பு டார்ச்சைக் கண்ணாடியின் கீழே காட்டினான். குரங்கின் கண்கள் தெரிந்ததும் வரிசை முழுவதும் மூச்சை உள்ளே இழுத்தது.

"அதோ முதுகுல குட்டி தெரியுதா? தூக்கிட்டு இருக்கறது அம்மா இல்ல. அப்பா. ராத்திரி பூரா இவருதான் சுமப்பாரு. தாவறப்ப, திங்கறப்ப, எப்பவும். பால் குடிக்க மட்டும் குட்டி அம்மாகிட்ட போகும். குடிச்சு முடிச்சதும் அம்மா ஒரு கடி கடிக்கும். போ, உங்கப்பன்கிட்டன்னு."

அடக்கிய சிரிப்பு.

"இவரு பேசவே மாட்டாரு. சுமக்கறது மட்டும்தான். வெளியே போனா கூடத்துல இன்னொருத்தரு இருக்காரு. மலை மைனா. நல்லா பேசுவாரு, தேனா பேசுவாரு. வர்றேன்பாரு, தர்றேன்பாரு. கூண்டை விட்டு ஒரு அடி நகர மாட்டாரு. இப்ப ஒவ்வொருத்தரா எனக்கு ரகசியமா சொல்லுங்க. உங்க வீட்ல அப்பா குரங்கா, மைனாவா?"

இந்த விளையாட்டு எப்போதும் எடுபடும். வருகிற டீச்சர்கள்கூட பதில் சொல்லிவிட்டுப் போவார்கள்.

"குரங்கு."

"குரங்கு."

"மைனா, சார். சைக்கிள் வாங்கித் தரேன்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்காரு."

"எங்கப்பா சிங்கம். தூங்கிட்டே இருப்பாரு."

"சார், எங்கப்பா நிஜமாவே குரங்குதான். அம்மா தினம் சொல்வாங்க."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வரிசையின் கடைசிக்கு முன்னால் ஒரு நிழல் நின்றது.

"நீ சொல்லும்மா."

"குரங்கு."

"சபாஷ். எதை வச்சு சொல்றே?"

"என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போவாரு. நான் ரெண்டு காதையும் பிடிச்சுக்கணும். வலது காதைத் திருகினா வலது பக்கம் திரும்புவாரு. இடது காதுன்னா இடது பக்கம்."

"மூக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"மூக்கு ஹாரன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கிசுகிசுப்பில் எல்லாக் குரலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் அதுவரை அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பஸ் நிறுத்தத்திலிருந்து வீடுவரை, மூக்கை அழுத்தும்போதெல்லாம் பாம் பாம் என்று கத்திக்கொண்டு போன ஆள் அவன்தான்.

"பொய், சார்," என்றது கடைசி நிழல். "இவங்கப்பா வீட்டுக்கே வர மாட்டாரு. நாங்க யாரும் பார்த்ததே இல்ல. கேட்டா மிருகக்காட்சிசாலைல வேலைன்னு கதை விடுவா."

"ஏய், சும்மா இருடீ," என்றார் டீச்சர்.

அவன் கை தானாகக் காதுக்குப் போயிருந்தது. டார்ச்சை அணைத்தான். இரண்டடி வைத்தால் அவளைத் தொட்டிருக்கலாம். பொய் இல்லை, அவ சொல்றது நிஜம் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். இருட்டுதான். யாருக்கும் அவன் முகம் தெரியாது.

"சரி. அடுத்தது யாரு?" என்றான்.

அவளுக்கு அடுத்து, கடைசியாக நின்றவள் ஏற்கெனவே பேசிவிட்டாள்.

அந்த நேரம் அம்மாக் குரங்கு கிளையில் ஏறி வந்தது. குட்டி அதன் மார்புக்குத் தாவிப் பால் குடித்தது. பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் அது குட்டியைக் கடித்தது. குட்டி கீச்சென்று கத்தி அப்பாவின் முதுகுக்குத் திரும்பியது. அப்பா நகர்ந்து, குட்டிக்குத் தோதாக முதுகை வளைத்துக் கொடுத்தது. எல்லோரும் "ஐயோ பாவம்" என்றார்கள். அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் அவன் பின்கதவைத் திறந்து நடைவழிக்குப் போய்விட்டான்.

நடைவழி முன்கூடத்தில் முடிந்தது. அக்கா துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, இந்தக் கூட்டத்துக்கு மைனாவை நீங்களே காட்டிடுங்க."

"ஏன், தொண்டை போச்சா?"

"வயிறு சரியில்ல."

"காலையில கல்லைத் தின்னாலும் செரிக்கிற மாதிரிதான் இருந்தீங்க." அவள் அவனை ஒரு முறை பார்த்தாள். "சரி, போங்க. முகமே வெளுத்துக் கிடக்கு."

கூடத்தை ஒட்டிய தீனி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். கதவில் முகத்தளவுக்கு வட்டமான ஒரு கண்ணாடி இருந்தது. அதற்குப் பக்கவாட்டில் நின்றான். கைக்கு ஒரு வேலை வேண்டும் என்று பலகையில் கிடந்த பப்பாளியை நறுக்க ஆரம்பித்தான். மைனாவுக்குச் சிறிய துண்டு, குரங்குக்குப் பெரிய துண்டு. எல்லாவற்றையும் சிறியதாகவே நறுக்கினான்.

கூடத்துக் கதவு திறந்தது. பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்கள்.

அவளை உடனே கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் இரட்டைச் சடையைத் தேடிக்கொண்டிருந்தான். அவளுக்குத் தலைமுடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தார்கள். போனமுறை முன்பல் விழுந்த ஓட்டை இருந்தது. இப்போது அங்கே அகலமான பெரிய பல் இருந்தது, முகத்துக்கு இன்னும் பொருந்தாமல். அவள் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றாள். இருட்டில் பொய் என்று சொன்னவள் அவளாகத்தான் இருக்க வேண்டும். மகள் கூட்டத்தைத் தாண்டி ஒவ்வொரு கதவாகப் பார்த்தாள். யாரையோ தேடினாள். அவன் கண்ணாடியிலிருந்து விலகிக்கொண்டான்.

அப்போதுதான் போன வாரத்துப் பேச்சு நினைவுக்கு வந்தது. தூணில் சாய்ந்து நின்று பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பார்வையாளர் கழிவறை எங்கே என்று கேட்டார். அவன் கையால் வழி காட்டிக்கொண்டிருந்தான். அவள் போனில், "அப்பா, நீங்க வர வேண்டாம், நாங்களே வர்றோம். கிளாஸ்ல எல்லாரும்," என்று சொன்னாள். என்றைக்கு என்றுகூடச் சொன்னாள். "வர்றேன் கண்ணு, கண்டிப்பா," என்று அவன் பதில் சொன்னான்.

கூடத்தில் அக்கா கூண்டைத் தட்டினாள். "பேசுடா கறுப்பா. ஊரே வந்து நிக்குது, மானத்தை வாங்காதே."

மைனா ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கூட்டத்தைப் பார்த்தது. டிக்கெட் கிழிப்பவரைப் போல இருமியது. பிள்ளைகள் சிரித்தார்கள். கதவு கிறீச்சிடுவது போல ஒரு சத்தம் போட்டது. அதற்கும் சிரித்தார்கள். பிறகு மார்பைத் தூக்கிக்கொண்டு சொன்னது.

"வர்றேன் கண்ணு. இந்த வாரம் கண்டிப்பா."

கூடம் அதிர்ந்தது.

"என்னைத்தான் கண்ணுன்னு சொல்லுச்சு!"

"போடா, உன் மூஞ்சிக்கு கண்ணா? என்னைச் சொல்லுச்சு."

"எனக்கு ஒரு தடவை சொல்லு! கறுப்பா, எனக்கு!"

"வர்றேன் கண்ணு," என்றது மைனா. கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னது. "வர்றேன் கண்ணு. வர்றேன் கண்ணு."

அவன் மகள் மட்டும் சிரிக்கவில்லை. மைனாவின் அலகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு லேசாக அசைந்தது, எதையோ சரிபார்ப்பது போல. கண்ணு என்று அவன் வேறு யாரையும் கூப்பிட்டதில்லை. அது அவளுக்குத் தெரியும்.

"என்ன அழகா சொல்லுது!" என்றார் டீச்சர். "அப்படியே மனுஷக் குரல்."

"மனுஷக் குரல்தான், டீச்சர். உங்களுக்கு இருட்டுல குரங்கு காட்டினாரே, அவரு குரல். ராப்பகலா உட்கார்ந்து பழக்கினாரு." அக்கா தீனி அறைப் பக்கம் திரும்பினாள். "ஏங்க! வயித்துவலிக்காரரே! பசங்க உங்களைப் பார்க்கணுமாம், ஒரு நிமிஷம் வாங்க!"

அவன் அசையவில்லை. கத்தி கையில் இருந்தது. பின்பக்கம் வழி இருக்கிறதா என்று பார்த்தான். இத்தனை நாளாக இல்லாத வழி அன்றைக்கு மட்டும் எங்கிருந்து வரும்? சன்னலும் கம்பி போட்டது.

"வாங்க, வெக்கப்படாதீங்க!" அக்கா வந்து கதவைத் திறந்துவிட்டாள்.

கத்தியை வைத்துவிட்டுப் பப்பாளித் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஊழியர் கூட்டத்தில் கேட்ட அதே மாதிரியான கைதட்டல். தட்டைப் பார்த்ததும் மைனா கம்பிக்கு அருகில் தாவி வந்தது.

"வர்றேன் கண்ணு," என்றது அவனிடமே.

அவன் மகளைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள். ஓடி வரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். காத்திருந்தாள். முதலில் அவன் பேச வேண்டும் என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

மூக்குக் கண்ணாடிப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் காதுகளைப் பார்த்தாள்.

"சார், நீங்க இவ அப்பாவா?"

டீச்சர் சிரித்த முகத்தோடு அவனைப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள். அவனுக்குக் குடும்பம் இருப்பது அக்காவுக்குத் தெரியாது. ஆமாம் என்றால் அடுத்து என்னென்ன கேட்பார்கள் என்பது அவனுக்குத் தெரிந்தது. ஏன் இருட்டிலேயே சொல்லவில்லை. மைனா யாரிடம் வருவதாகச் சொல்கிறது. எத்தனை வருடமாக. டீச்சர் முகத்தில் அந்தச் சிரிப்பு எப்படி மாறும் என்பதுகூடத் தெரிந்தது. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. வாயைத் திறந்தான். தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கூண்டுக்குள் நீட்டினான். மைனா அதைக் கவ்விக்கொண்டது.

அது விழுங்கி முடிக்கும்வரை அவள் பொறுத்திருந்தாள்.

"இல்ல," என்றாள் தோழியிடம். "எங்கப்பா வேற."

"நான்தான் சொன்னேன்ல," என்றாள் மூக்குக் கண்ணாடிப் பெண்.

டீச்சர் மணியைப் பார்த்தார். "சரி, வரிசையா நில்லுங்க. யாருக்காவது சார்கிட்ட கேள்வி இருக்கா? ஒரே ஒரு கேள்விதான்."

பல கைகள் உயர்ந்தன. அவன் மகள் கையை உயர்த்தவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கூண்டுக்கு அருகே வந்தாள். அவன் இடுப்பளவு இருந்தவள் இப்போது மார்பளவு இருந்தாள். தோளில் தூக்க முடியாது. அவள் கூண்டின் தாழ்ப்பாளைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"சார், கூண்டைத் திறந்துவிட்டா அது வருமா?"